சிரிக்காத குரல்: பழைய பாடப்படங்களும் கார்ட்டூன் பகடியும் (வாசகர் கேள்வி – பதில்)

கார்ட்டூன் தொடரில் திடீரென்று வகுப்பறை இருட்டாகும், புரொஜெக்டர் கடகடவென்று ஓடும், ஒரு கம்பீரக் குரல் “வணக்கம் மாணவர்களே” என்று ஆரம்பிக்கும். அந்தப் போலிப் பாடப்படங்களைப் பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில். கேட்டவர்களில் பாதிப் பேர் பார்த்து ரசிக்கிறவர்கள், மீதிப் பேர் தாங்களே ஒன்று செய்து பார்க்கிறவர்கள்.

கே: 1950-களின் அமெரிக்கப் பாடப்படம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் கார்ட்டூனில் அதைக் கிண்டல் செய்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. எப்படி?

ப: நீங்கள் பார்க்காதது படத்தைத்தான். அந்தக் குரலை நன்றாகவே அறிவீர்கள். உங்களுக்கு எது நல்லது என்று உங்களைவிடத் தனக்குத்தான் தெரியும் என்று நம்புகிற குரல் அது. பள்ளிக்கூடம் போன யாருக்கும் அது பழக்கம்.

மூலத்தையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் ரசனை கூடும். ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 16 மி.மீ. படச்சுருளை 1923-இல் கொண்டுவந்தது. எளிதில் தீப்பற்றாத சுருள் என்பதால் வகுப்பறைக்குள் வைத்து ஓட்ட முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் பள்ளிகளில் புரொஜெக்டர்கள் பெருகின. கொரோனெட், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா ஃபிலிம்ஸ், கான்சாஸ் மாநிலத்தின் சென்ட்ரான் போன்ற நிறுவனங்கள் படங்களை எடுத்துத் தள்ளின. எரிமலை, இதயம், தேனீ ஆகியவற்றோடு நிற்காமல் கூச்சத்தைப் போக்குவது, நாலு பேருக்குப் பிடித்தவராக நடந்துகொள்வது, வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேசுவது வரைக்கும் பாடம் எடுத்தார்கள். கூச்ச சுபாவமுள்ள பையனைப் பற்றி கொரோனெட் 1947-இல் எடுத்த படத்தில் அந்தப் பையனாக நடித்தவர் டிக் யார்க். ‘பிவிட்ச்ட்’ தொடரில் சூனியக்காரியின் கணவராக வந்து பெயர் வாங்கியவரும் இவரே.

பகடிக்குத் தீனி இந்த இரண்டாம் வகைப் படங்கள். இதயம் எப்படித் துடிக்கிறது என்று அதிகாரமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஒரு பையன் எப்படிச் சிரித்தால் நண்பர்கள் கிடைப்பார்கள் என்பதையும் அதே அதிகாரத்தோடு, ஒரு பேராசிரியரின் பெயரை முகப்பு அட்டையில் போட்டுச் சொன்னால், அது பாதி கேலிச்சித்திரம் ஆகிவிட்டது. மீதிப் பாதியைக் கார்ட்டூன்காரர் போட்டுக்கொள்கிறார்.

கே: இந்த வகைக் கேலியை முதலில் செய்தது ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடர்தானே?

ப: இல்லை, அரை நூற்றாண்டு பிந்தி வந்தவர்கள் அவர்கள். டெக்ஸ் ஏவரி 1938-லேயே வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களில், திரையரங்குகளில் ஓடிய பயணப்படங்களின் விளக்கக் குரலைக் கேலி செய்யத் தொடங்கிவிட்டார். டிஸ்னியில் ஜாக் கின்னி இயக்கிய கூஃபியின் “எப்படிச் செய்வது” வரிசை 1940-களின் தொடக்கத்தில் வந்தது: பனிச்சறுக்கு 1941, பேஸ்பாலும் நீச்சலும் 1942. ஜான் மெக்லீஷ் என்பவரின் குரல், மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகம் பேசுகிற தோரணையில், உடலை எப்படி வளைக்க வேண்டும் என்று விளக்கும். கூஃபி வளைவார், முடிச்சாவார், மரத்தில் மோதுவார். குரல் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த விதிக்குப் போய்விடும்.

வகுப்பறைப் படத்தையே குறிவைத்த பகடி 1990-களில் பெருகியதற்குக் காரணம் எளிது. இருட்டு வகுப்பறையில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்த பிள்ளைகள் வளர்ந்து தொலைக்காட்சிக்கு எழுத வந்த காலம் அது. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரை உருவாக்கிய மேட் குரோனிங் பிறந்தது 1954-இல், அதில் பணியாற்றிய பிராட் பேர்ட் 1957-இல். பேர்ட் இயக்கிய ‘தி அயர்ன் ஜயன்ட்’ (1999) படத்தின் கதை நடப்பதும் அதே 1957-இல்தான்.

கே: துத்தநாகம் இல்லாத உலகம் பற்றிய சிம்ப்சன்ஸ் காட்சியை ஏன் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள்? அரை நிமிடக் காட்சியில் அப்படி என்ன இருக்கிறது?

ப: அரை நிமிடம்தான். ஆனால் அச்சு பிசகாத வேலை. 1992 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘பார்ட் தி லவர்’ அத்தியாயத்தில் வருகிறது. ஜிம்மி என்ற பையன், துத்தநாகமே இல்லாத உலகம் வேண்டும் என்கிறான். உடனே குரல் பிடித்துக்கொள்கிறது: இனி உன் காருக்கு பேட்டரி கிடையாது. தோழியைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் தொலைபேசியும் வேலை செய்யாது. பையன் கதறுகிறான், “துத்தநாகமே, திரும்பி வா!” கடைசியில் எல்லாம் கனவு.

இந்த வார்ப்பு கற்பனையல்ல. ஜாம் ஹேண்டி நிறுவனம் 1940-இல் எடுத்த ‘எ கேஸ் ஆஃப் ஸ்பிரிங் ஃபீவர்’ படத்தில், சோபா ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன ஒருவர் இனி ஸ்பிரிங்கையே பார்க்கக் கூடாது என்று சலித்துக்கொள்வார். கோய்லி என்ற ஸ்பிரிங் குட்டிச்சாத்தான் தோன்றி அப்படியே ஆகட்டும் என்று வரம் கொடுக்கும். பிறகு தொலைபேசி ஓடாது, கார் ஓடாது. அவர் மன்னிப்புக் கேட்பார்.

கார்ட்டூன் இதில் மாற்றியது ஒன்றே ஒன்று, பொருளை. ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரியும், கையில் குத்தும், அதன்மேல் ஒருவருக்குக் கோபம் வரலாம். துத்தநாகத்தின் மேல் எந்தப் பையனுக்கு என்ன விரோதம்? அங்கேதான் முதல் சிரிப்பு. இரண்டாவது நுட்பம் பலர் கவனிக்காதது: கார் பேட்டரியில் வேலை செய்வது ஈயமும் கந்தக அமிலமும். துத்தநாகத்துக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே பாடம் நடத்துகிற குரல் பாடத்தையே தப்பாகச் சொல்கிறது, துளி தயக்கமில்லாமல். வேதியியல் தெரிந்தவர் இரண்டு முறை சிரிக்கலாம். தெரியாதவருக்கும் நஷ்டமில்லை. இப்படி இரண்டு தளத்திலும் நிற்கிற நகைச்சுவை எழுதுவது சுலபமில்லை. முதல் தளம் தனியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் இரண்டாவதை வையுங்கள்.

கே: தலையைக் குனிந்து ஒளிந்துகொள்ளச் சொல்லும் அந்த அணுகுண்டுப் படம் நிஜமாகவே இருந்ததா, இல்லை கார்ட்டூன்காரர்களின் கற்பனையா?

ப: நிஜம். ‘டக் அண்ட் கவர்’, அமெரிக்காவின் சிவில் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக 1951-இல் தயாரானது, சுமார் 9 நிமிடம். பெர்ட் என்ற ஆமை பாட்டோடு நடந்து வரும். மரத்திலிருந்து ஒரு குரங்கு குச்சியில் கட்டிய பட்டாசை நீட்டும், ஆமை ஓட்டுக்குள் போய்விடும். அதன் பிறகு நிஜப் பிள்ளைகள் மேசைக்கு அடியில் பதுங்குவார்கள். அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2004-இல் இது சேர்ந்தது.

இதில் பகடிக்கு வழிவிட்டது தொனிக்கும் விஷயத்துக்கும் உள்ள இடைவெளி. ஊரே எரிகிற சங்கதி, குழந்தைப் பாட்டின் மெட்டில். ‘தி அயர்ன் ஜயன்ட்’ படத்தின் வகுப்பறைக் காட்சி அந்த மெட்டையும் உற்சாகத்தையும் எடுத்துக்கொண்டது. ‘சவுத் பார்க்’ 1997-இல் எரிமலை அத்தியாயத்தில் அணுகுண்டை எரிமலைக் குழம்பாக மாற்றியது. குனிந்து தலையை மூடிக்கொண்டவர்கள்மேல் குழம்பு வழிந்தோடிவிடும் என்று போலிப் படம் உறுதி சொல்லும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வெடிப்பிலிருந்து தூரத்தில் இருப்பவருக்கு, சிதறி வரும் கண்ணாடியிலிருந்து தப்பக் குனிந்துகொள்வது உண்மையிலேயே உதவும். மூலப் படத்தின் அறிவுரை முழு முட்டாள்தனம் அல்ல. எரிமலைக் குழம்புக்கு அந்தச் சலுகை கிடையாது, ஆகவே கேலி இன்னும் கூர்மையாகிறது.

கே: டிராய் மெக்ளூர் மாதிரி தொகுப்பாளர்கள் நிஜத்தில் இருந்தார்களா?

ப: “இன்னின்ன படங்களில் என்னைப் பார்த்திருப்பீர்கள்” என்று ஆரம்பிப்பவர்தானே? ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் 1991-இல் அறிமுகமான அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் ஃபில் ஹார்ட்மன். 1998-இல் அவர் இறந்தபின் பாத்திரத்துக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மங்கிப்போன நடிகர் எல்லாத் துறையையும் விளக்குவதுதான் அதில் வேடிக்கை.

நிஜத்தில் இதற்குப் பக்கத்தில் வருபவர் டாக்டர் ஃபிராங்க் பாக்ஸ்டர். பெல் சிஸ்டம் என்ற தொலைபேசி நிறுவனத்தின் அறிவியல் படங்களில் (சூரியனைப் பற்றியது 1956, இரத்தத்தைப் பற்றியது 1957, இரண்டும் ஃபிராங்க் காப்ரா இயக்கம்) விஞ்ஞானியாக வந்து விளக்குவார். ஆனால் அவர் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கியப் பேராசிரியர்! மெக்ளூரைப் போல அவர் போலி இல்லை, அருமையான ஆசிரியர். கண்ணாடியும் கோட்டும் நிதானமும் இருந்தால் விஞ்ஞானி என்று நம்பிவிடுகிறோம் என்பதற்கு மட்டும் அவர் நல்ல சாட்சி.

கே: பாடப்படத்தில் விளம்பரம் எப்படி நுழைந்தது? ‘இறைச்சியும் நீங்களும்’ மாதிரிக் கார்ட்டூன் காட்சிகள் எதைச் சொல்கின்றன?

ப: படச்சுருளைக் காசு கொடுத்து வாங்கப் பள்ளிகள் யோசிக்கும். ஒரு நிறுவனமோ வணிகச் சங்கமோ படத்தை எடுத்து இலவசமாகக் கொடுத்தால் வாங்கி ஓட்டிவிடும். சில சமயம் நல்ல படமும் கிடைத்தது. மாதவிடாயைப் பற்றி டிஸ்னி 1946-இல் எடுத்த பத்து நிமிடப் படம், கோடெக்ஸ் நாப்கின் தயாரித்த நிறுவனத்தின் பணத்தில் வந்தது. பெண் பிள்ளைகளுக்கு அதை நேராகச் சொன்ன படங்கள் அப்போது அபூர்வம். மற்றவை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

நீங்கள் சொல்லும் காட்சி, ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் 1995-இல் வந்த ‘லிசா தி வெஜிடேரியன்’ அத்தியாயத்தில் இருக்கிறது. மூன்று நொடிகூட நிற்காத ஒரு வரைபடம் அதில் வரும்: “உணவுச் சங்கிலி”. எல்லா விலங்கிலிருந்தும் அம்புக்குறி கிளம்பி நடுவில் நிற்கும் மனிதனிடமே வந்து சேரும். வரைபடம் பார்க்க அறிவியல், உள்ளே இருப்பது வியாபாரம். பக்கம் பக்கமாக வசனம் எழுதுவதைவிட இப்படி ஒரு படம் நன்றாகக் குத்தும்.

கே: நாங்கள் செய்யும் அனிமேஷன் பகடியில் பின்னணிக் குரலை நல்ல நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் கொடுத்தார். வேடிக்கையான வசனங்கள்தான். யாரும் சிரிக்கவில்லை. எங்கே பிசகு?

ப: “வேடிக்கையான வசனங்கள்” என்ற இடத்திலேயே. இந்த வகையில் குரலுக்கு நகைச்சுவை இருக்கவே கூடாது. தான் ஒரு கேலிப் படத்தில் இருப்பது அந்தக் குரலுக்குத் தெரியக் கூடாது. குரல் லேசாகச் சிரித்தாலே போதும், பார்ப்பவர் சிரிப்பதற்கு இடம் இல்லாமல் போய்விடும். நகைச்சுவைக் கலைஞருக்குப் பதில் செய்தி வாசித்துப் பழகியவரை, பாடநூல் ஒலிப்பதிவு செய்தவரைக் கூப்பிடுங்கள். எழுத்துப் பிரதியை மட்டும் கொடுங்கள், காட்சியைக் காட்ட வேண்டாம்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. குரல் முழுக்க எழுத்துத் தமிழிலும் பாத்திரங்கள் முழுக்கப் பேச்சுத் தமிழிலும் இருக்கட்டும். “இப்போ பார்க்கலாம்” என்று குரல் சொன்னால் தொலைந்தது. “இப்போது நாம் காண்போம்” என்றால் பாதி வேலை முடிந்தது. “ஆம் மாணவர்களே”, “இதனின்று நாம் அறிவது யாது?” போன்ற தொடர்கள் தாமாகவே இருட்டு வகுப்பறையைக் கொண்டுவந்துவிடும்.

வேகமும் முக்கியம். நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல் போதும். நூற்றைத் தாண்டினால் விளம்பரக் குரலாகிவிடும். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் முக்கால் நொடி இடைவெளி விடுங்கள். தவறு நடக்கும் காட்சியில் ஒன்றரை நொடி. அந்த ஒன்றரை நொடியில்தான் சிரிப்பு வரும். அங்கே இசையோ “டொய்ங்” சத்தமோ வைத்து அடைத்துவிடாதீர்கள். எங்கள் அனுபவத்தில் முதல் வெட்டில் பத்துக்கு எட்டுப் பேர் அங்கேதான் சத்தத்தைப் போடுகிறார்கள்.

கே: 90 நொடிப் பகடி ஒன்றுக்குக் கதை எழுதும் முறையைச் சொல்லுங்கள்.

ப: முதலில், யாருக்கும் பாடம் தேவைப்படாத ஒரு விஷயத்தைப் பிடியுங்கள். கதவைத் திறப்பது, நிழலில் நிற்பது, நாற்காலியில் உட்காருவது. போதைப்பொருள், போர் மாதிரி கனமான விஷயத்தை எடுத்தால் அதை ஏன் எடுத்தீர்கள் என்ற கேள்வி முந்திக்கொள்ளும். பழகிய கை அதையும் செய்யும், முதல் முயற்சிக்கு வேண்டாம்.

பிறகு மூலத்தின் எலும்புக்கூட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரவார இசையோடு தலைப்பு அட்டை, 5 நொடி. கல்வி ஆலோசகரின் பெயர் அட்டை, 3 நொடி. பையன் அறிமுகம், 12 நொடி. தவறான முறை, 20. சரியான முறை, 20. விளைவு, 20. கடைசியில் பார்ப்பவரிடம் ஒரு கேள்வி, 5. மிச்சம் 5 நொடி மௌனத்துக்கு. மொத்தச் சொற்கள் நூறைத் தாண்டக் கூடாது.

இந்த எலும்புக்கூட்டில் உடைப்பது ஒரே ஒரு எலும்பு. எல்லாவற்றையும் உடைத்தால் குப்பையாகத்தான் தெரியும். நாற்காலியை எடுத்துக்கொண்டு, உடைப்பதற்கு ‘தவறான முறை – சரியான முறை’ பகுதியைத் தேர்ந்தெடுப்போம்:

படம்: வெறும் சுவர், நடுவில் நாற்காலி.
குரல்: “இது நாற்காலி. நாள்தோறும் இதை நாம் பயன்படுத்துகிறோம். ஆனால், முறையாகப் பயன்படுத்துகிறோமா?”
படம்: ராமு வந்து உட்காருகிறான். ஒரு தவறும் தெரியவில்லை.
குரல்: “ராமுவைப் பாருங்கள். (ஒன்றரை நொடி) என்ன பரிதாபம்.”
படம்: சோமு வந்து உட்காருகிறான். அதே கோணம், அதே அசைவு, சட்டை நிறம் மட்டும் வேறு.
குரல்: “இப்போது சோமு. எத்தகைய நேர்த்தி!”
படம்: நீதிமன்றம். மேலே நீதிபதி சோமு. கூண்டில் ராமு.
குரல்: “பத்து ஆண்டுகள் கழிந்தன. ராமு இன்று நின்றுகொண்டிருக்கிறான்.”
அட்டை: “நீங்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள்?”

இரண்டு உட்காரலுக்கும் ஒரே ஓவியங்கள்தான். அதுவே நகைச்சுவை, அதுவே சிக்கனம். வித்தியாசம் தெரியட்டும் என்று ராமுவைக் கொஞ்சம் கூன் போட வைத்தால் நகைச்சுவை செத்துவிடும். அப்புறம் குரல் சொல்வது உண்மையாகிவிடுமே!

சின்னத் தவறு, உலகமே அழிகிற விளைவு என்ற தாவலும் மூலத்திலிருந்து வந்ததே. கலிஃபோர்னியாவின் சிட் டேவிஸ் எடுத்த எச்சரிக்கைப் படங்களில் பிள்ளைகள் ஒரு கணம் கவனம் பிசகினால் நேரே ஆபத்துதான். ‘ஃப்யூச்சுராமா’ 2001-இல் இதை எல்லை வரைக்கும் இழுத்தது. ஒரு பையன் ரோபோவைக் காதலித்ததில் நாகரிகமே அழிந்துபோகும்.

கடைசிக் கேள்வி அட்டையைத் தவறவிடாதீர்கள். குழு விவாதத்துக்காக எடுக்கப்பட்ட சென்ட்ரான் படங்கள் “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று பார்ப்பவர் பக்கம் திரும்பித்தான் முடியும். பதில் சொல்ல முடியாத கேள்வியாக வைத்தால் நல்லது.

கே: கணினியில் “பழைய படம்” எஃபெக்ட் போட்டேன். கீறல், தூசி, படபடப்பு எல்லாம் இருக்கிறது. ஆனாலும் பொய்யாகத் தெரிகிறது. ஏன்?

ப: அந்த எஃபெக்ட்கள் பெரும்பாலும் ஊமைப்படக் காலத்தின் சேதங்களையும் பள்ளிப் படச்சுருளின் சேதங்களையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கீறல்: சுருள் ஓடும் திசையில், ஏதோ ஒரு முனை உரசி வருவது. ஆகவே ஒரு கீறல் பத்து நொடிகூட ஏறக்குறைய அதே இடத்தில், கொஞ்சம் ஆடியபடி நிற்கும். எஃபெக்ட் பேக்குகளில் அது ஒவ்வொரு பிரேமிலும் புது இடத்தில் மின்னும், அது தப்பு. ஒன்றிரண்டு கீறல் போதும், திரையின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள்.

தூசி: காட்டப்படும் பிரதியில் ஒட்டிய தூசி கறுப்பாகவும், நெகட்டிவில் ஒட்டியது வெள்ளையாகவும் தெரியும். ஒரு தூசி ஒரு பிரேமுக்கு மட்டும். புரொஜெக்டரின் கேட்டில் (விளக்கின் முன் ஒவ்வொரு பிரேமும் நின்று செல்லும் திறப்பு) சிக்கிய மயிரிழை மட்டும் சட்டத்தின் விளிம்பில் நிமிடக்கணக்கில் துடித்துக்கொண்டு நிற்கும்.

படபடப்பு: ஒலிப்படக் காலப் புரொஜெக்டர் ஒவ்வொரு பிரேமையும் குறைந்தது இரண்டு முறை திரையில் ஒளிரச் செய்யும், அதனால் வெளிச்சம் பெரிதாகத் துடிக்காது. 2 அல்லது 3 சதவீத ஏற்ற இறக்கம் போதும். படத்தின் மெல்லிய ஆட்டம், 1080 வரித் திரையில் ஒன்றிலிருந்து மூன்று பிக்சல்.

நிறம்: சிவந்துபோன படம் ஈஸ்ட்மன்கலர் என்ற வண்ணச்சுருள் வகைப் பிரதியின் அடையாளம். அதில் நீலப்பச்சைச் சாயமும் மஞ்சள் சாயமும் முந்திப் போய், செஞ்சாயம் மிஞ்சும். அதற்கு முந்திய கோடாக்ரோம் வகைப் பிரதிகள் அப்படி மங்காது. ஆக 1940-களின் வண்ணப்படம் என்று காட்டிவிட்டு முழுக்க ரோஜா நிறம் அடித்தால், விவரம் தெரிந்தவர் முகம் சுளிப்பார். 1970-களின் படத்துக்கு அதே நிறம் கச்சிதம்.

திரையின் மேல்மூலையில் சட்டென்று தோன்றும் வட்டப் புள்ளியையும் நீக்கிவிடுங்கள். திரையரங்கில் ஒரு ரீலிலிருந்து அடுத்த ரீலுக்கு மாறுவதற்கான குறி அது. 400 அடி 16 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 36 அடி வீதம் ஓடி 11 நிமிடத்தில் முடியும், பாடப்படம் ஒரே ரீல். மாற்றுவதற்கு அடுத்த ரீல் ஏது?

இனி நல்ல செய்தி. பகடிக்காரர்கள் அநேகமாகப் பயன்படுத்தாத ஒரு சேதம் உங்களுக்காகக் காத்திருக்கிறது: ஒட்டு. சுருள் அறுந்தால் ஒட்டுவார்கள், சில பிரேம் போய்விடும், படம் துள்ளும். 16 மி.மீ. சுருளில் ஒலி, தனக்குரிய படத்துக்கு 26 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும், ஏனென்றால் ஒலி படிக்கும் பகுதி கேட்டுக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே ஒட்டு கேட்டைத் தாண்டும்போது படம் துள்ளும், 26 பிரேம் கழித்து, அதாவது ஒரு நொடிக்குச் சற்று மேல், “டப்” என்ற சத்தத்தோடு சொல் அறுபடும். இந்த இடைவெளியோடு செய்து, முக்கியமான அறிவுரையின் நடுவில் ஒட்டு விழும்படி வையுங்கள்: “ஆபத்து நேரத்தில் ஒருபோதும் (டப்) ஓடிவிடுங்கள்.”

கே: தொடக்கத்தில் 3, 2, 1 எண்ணிக்கை வைக்கலாமா?

ப: வைக்கலாம், ஆனால் நிஜத்தில் அப்படி ஒன்று இல்லை. கடிகார முள் சுற்றும் லீடர் (படத்துக்கு முன்னால் ஓடும் எண்ணிக்கைத் துண்டு) 8-இலிருந்து 2 வரைதான் எண்ணும். 2-இல் ஒரு “பீப்”, அப்புறம் இரண்டு நொடி இருட்டு. அதுவும் 1960-களின் நடுவில் வந்தது, 1950-களின் படத்துக்குப் பொருந்தாது.

கே: படச்சுருள் தீப்பிடித்து எரிவதுபோல் முடிக்க ஆசை. சரியாக வருமா?

ப: தீ வேண்டாம். 16 மி.மீ. சுருள் அசிடேட் என்ற பிளாஸ்டிக், தீப்பிழம்பாக எரியாது. கேட்டில் நின்றுவிட்டால் விளக்கின் சூட்டில் நடுவில் பழுப்புப் புள்ளி தோன்றி, குமிழ்விட்டு, ஓரத்துக்குப் பரவி, வெள்ளை வெளிச்சம் மட்டும் மிஞ்சும். வரிசையைக் கவனியுங்கள்: சுருள் நின்றதும் முதலில் குரல் இழுபட்டு அடங்கும், பிறகுதான் படம் உருகும். குரல் பேசிக்கொண்டே இருக்கப் படம் உருகினால் அது தப்பு. வேண்டுமென்றே செய்தால் அதுவே நல்ல நகைச்சுவை.

கே: ஒலிக்கு எண்கள் கொடுங்கள், போதும்.

ப: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். ஸ்டீரியோ வேண்டாம், மோனோ. இசையில் மட்டும் தெரிகிற அளவுக்கு, நொடிக்கு ஒரு முறை என்ற வேகத்தில் அரை சதவீதம் பிட்ச் (சுருதி) ஆட்டம். அடியில் மெல்லிய இரைச்சல், கீறல் வரும் இடங்களில் கொஞ்சம் கூட. இசை தலைப்பிலும் முடிவிலும் முழங்கட்டும், நடுவில் வெறும் குரல். படம் நெடுக இசை ஓடினால் பாடப்படம்போலவே இருக்காது. புரொஜெக்டர் கடகட ஒலியைக் குரலோடு கலக்காமல் தனித் தடத்தில் வையுங்கள். வகுப்பறையைக் காட்டும்போது அது பெரிதாகவும், திரை முழுக்கப் படம் வரும்போது சன்னமாகவும் இருக்க வேண்டும்.

கே: தொடர்கள் இத்தகைய காட்சியை அடிக்கடி வைப்பதற்குச் செலவு குறைவு என்பதும் காரணமா?

ப: ஓரளவுக்கு. 90 நொடி என்றால் 2,160 பிரேம். இரண்டு பிரேமுக்கு ஓர் ஓவியம் என்றாலே 1,080 வேண்டும். பாடப்பட நடையில் வரைபடம், அம்புக்குறி, அட்டை, அசையாமல் நிற்கும் பையன் என்று பாதி நேரம் ஓவியம் மாறாது. பின்னணிக் குரலே எல்லாம் பேசுவதால் வாயசைவும் வேண்டாம். மூலத்திலும் இதே சிக்கனம்தான். பல படங்களை ஒலியில்லாமல் எடுத்துவிட்டுப் பிறகு குரலைச் சேர்த்தார்கள். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேச, “தன் சந்தேகத்தை டாம் கேட்கிறான்” என்று குரல் முந்திக்கொள்கிறது. இந்த ஒன்றை மட்டும் எடுத்தே ஒரு பகடி செய்யலாம்: பையன் ஏதோ அவசரமாகக் கத்துகிறான், குரல் அதை “நன்றி” என்று மொழிபெயர்த்துக்கொண்டே போகிறது.

கே: பழைய பாடப்படங்களின் துண்டுகளை எங்கள் வீடியோவில் சேர்க்கலாமா?

ப: பலவற்றைச் சேர்க்கலாம், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளியான படைப்புகளின் உரிமையை 28-ஆம் ஆண்டில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பல பாடப்பட நிறுவனங்கள் அதைச் செய்யாததால் அந்தப் படங்கள் பொதுச்சொத்தாகிவிட்டன. 1964 முதல் 1977 வரை வந்தவற்றுக்குப் புதுப்பித்தல் தானாகவே நடந்ததாகச் சட்டம் சொல்கிறது, அவற்றைத் தொட வேண்டாம். படம் பொதுச்சொத்தானாலும் அதிலுள்ள இசைக்குத் தனி உரிமை இருக்கலாம், ஆகவே ஒலியை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் எடுப்பது பாதுகாப்பு. இதெல்லாம் அமெரிக்கச் சட்டம், உங்கள் நாட்டில் கணக்கு வேறாக இருக்கலாம். தேடுவதற்கு நல்ல இடம் ரிக் பிரெலிங்கர் திரட்டிய ஆவணக் காப்பகம். அதன் படச்சுருள்களை 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வாங்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கான படங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. துண்டு எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, எழுத உட்காரும் முன் நாலு படத்தை முழுதாகப் பாருங்கள். பகடியைப் பார்த்துச் செய்த பகடி முதல் பத்து நொடியிலேயே தெரிந்துவிடும்.